வாய்ப்பாடும் மனக்கணக்கும்: பத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பது எப்படி?

"ஏழெட்டு எவ்வளவு?" என்று யாராவது திடீரென்று கேட்டால் பலருக்கு ஒரு கணம் தடுமாற்றம் வரும். ஐம்பத்தாறா, ஐம்பத்து நான்கா? சின்ன வயதில் எனக்கும் இதே நிலைதான். ஏழாம் வாய்ப்பாட்டை முதலிலிருந்து சொல்லச் சொன்னால் ராகம் போட்டுத் தடங்கலில்லாமல் சொல்லிவிடுவேன். நடுவில் ஒன்றைக் கேட்டால் வராது. ஓரேழு ஏழு, ஈரேழு பதினான்கு, மூவேழு இருபத்தொன்று என்று அடியிலிருந்து ஏறி எட்டாவது படிக்கு வந்தால்தான் விடை கிடைக்கும்.

வாயால் சொல்லிச் சொல்லிப் பழகுவதில் தவறே இல்லை. "மூவேழு இருபத்தொன்று", "ஆறேழு நாற்பத்திரண்டு" என்று தமிழில் சொல்லும்போது கேள்வியும் விடையும் ஒரே மூச்சில் ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஓசை நினைவில் நிற்க உதவுகிறது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வரிசையாக மட்டுமே சொல்லிப் பழகியவருக்கு வரிசைதான் மனப்பாடம் ஆகியிருக்கும். ஒவ்வொரு விடையும் தனித்தனியாக எட்டுகிற தூரத்தில் இருக்காது. அதற்கு இன்னும் நாலு தடவை உரக்கச் சொல்லிப் பார்ப்பது மருந்தாகாது. மறந்துபோன விடையை நாமே உருவாக்கிக்கொள்ளும் வழி தெரிந்திருக்க வேண்டும். அந்த வழிகள் பார்ப்பதற்குப் பலவாகத் தெரிந்தாலும் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது ஒரே எண்ணம்: பத்து, நூறு மாதிரி வசதியான எண் ஒன்றைப் பிடித்துக்கொள், அப்புறம் வித்தியாசத்தைச் சரிசெய்.

மனப்பாடம் செய்ய வேண்டியது எவ்வளவு?

ஒன்றிலிருந்து பத்து வரை வாய்ப்பாடு என்றால் 10 வரிசை, ஒவ்வொன்றிலும் 10 விடை, ஆக மொத்தம் 100. ஒரு குழந்தையின் முன் இந்த நூறையும் ஒரே பக்கத்தில் அச்சடித்து வைத்தால் அது மிரளத்தான் செய்யும். ஆனால் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம்.

3 × 8 என்பதும் 8 × 3 என்பதும் ஒன்றே. மூன்று வரிசையில் எட்டு எட்டாகப் புள்ளி வைத்துவிட்டுத் தாளைப் பக்கவாட்டில் திருப்பினால் எட்டு வரிசையில் மும்மூன்று புள்ளிகள். புள்ளிகள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இந்த ஒரு விஷயத்தாலேயே நூறு 55 ஆகிறது. ஒன்றாம் வாய்ப்பாட்டையும் பத்தாம் வாய்ப்பாட்டையும் யாரும் படிக்கத் தேவையில்லை. அவற்றை எடுத்துவிட்டால் மீதி 36. இரண்டாம் வாய்ப்பாடு என்பது ஓர் எண்ணை அதோடு கூட்டுவதுதான். அது போனால் 28. ஐந்தாம் வாய்ப்பாடு பத்தில் பாதி. 7 × 5 வேண்டுமென்றால் 70இல் பாதி, 35. அதையும் எடுத்தால் 21. ஒன்பதுக்கு அருமையான வழி ஒன்று இருக்கிறது, கீழே சொல்கிறேன். அதுவும் போனால் 15. நான்காம் வாய்ப்பாடு என்பது இரட்டிப்பின் இரட்டிப்பு: 7 × 4 என்றால் 7, 14, 28. இப்போது மீதி வெறும் 10.

அந்தப் பத்தையும் எழுதிவிடுகிறேன்: 3 × 3, 3 × 6, 3 × 7, 3 × 8, 6 × 6, 6 × 7, 6 × 8, 7 × 7, 7 × 8, 8 × 8. மூன்றாம் வாய்ப்பாடு, இரட்டிப்போடு இன்னொரு தடவை கூட்டுவது என்பதால் முதல் நான்கும் பெரிதாகத் தொல்லை தராது. உண்மையிலேயே உட்கார்ந்து படிக்க வேண்டியவை 36, 42, 48, 49, 56, 64 என்ற ஆறு விடைகள். நூறு என்று பயந்தவர்களிடம் இந்த ஆறை மட்டும் ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். முகம் மாறுவது தெரியும்.

இந்த ஆறிலும் ஏழெட்டுக்கு ஒரு நல்ல பிடி உண்டு. 5, 6, 7, 8 என்று வரிசையாக எழுதுங்கள். 56 = 7 × 8. ஆறுடன் இரட்டை எண்ணைப் பெருக்கும்போதும் ஓர் அழகான ஒழுங்கு தெரியும்: 6 × 2 = 12, 6 × 4 = 24, 6 × 6 = 36, 6 × 8 = 48. எந்த எண்ணால் பெருக்கினோமோ அதுவே கடைசி இலக்கம். அதன் முன்னால் நிற்பது அதன் பாதி. ஆறு என்பது ஐந்தும் ஒன்றும் சேர்ந்தது என்பதே காரணம். 6 × 8 என்றால் ஐந்து எட்டுகள் 40, அதோடு ஓர் எட்டு, 48.

ஒன்பது: பத்துக்கு ஒன்று குறைவு

தமிழில் எண்களின் பெயர்களையே கவனித்துப் பாருங்கள். தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறு இருக்கிறது. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் இருக்கிறது. ஒன்பது என்பதன் முடிவில் வரும் "பது", இருபது, முப்பதில் வரும் அதே பத்து. ஒன்பதைப் பத்தின் வாசலில் நிற்கும் எண்ணாகப் பார்க்க மொழியே நமக்குக் கற்றுத்தருகிறது. கணக்கிலும் அப்படியே பார்த்தால் போதும்.

9 × 7 வேண்டுமா? பத்து ஏழுகள் 70. நமக்கு ஒன்பது ஏழுகள்தான் வேண்டும், ஆகவே ஓர் ஏழைக் கழித்துவிடு: 63. இதிலிருந்தே இன்னொரு ஒழுங்கும் பிறக்கிறது. 18, 27, 36, 45, 54, 63, 72, 81 என்று எந்த விடையை எடுத்தாலும் இரண்டு இலக்கங்களின் கூட்டல் 9. முதல் இலக்கம், பெருக்கிய எண்ணைவிட ஒன்று குறைவு. ஆக 9 × 8 என்றதும் முதல் இலக்கம் 7, ஒன்பதாக்க இன்னும் 2, விடை 72.

விரல்களால் செய்ய விரும்பும் சின்னப் பிள்ளைகளுக்கு இது: இரண்டு உள்ளங்கைகளையும் நம்மைப் பார்த்து விரித்துக்கொண்டு, இடப்பக்கத்திலிருந்து 1 முதல் 10 வரை விரல்களுக்கு எண் கொடுங்கள். 9 × 4 என்றால் நான்காவது விரலை மடக்குங்கள். மடங்கிய விரலுக்கு இடப்பக்கம் 3, வலப்பக்கம் 6. விடை 36. பத்து விரலில் ஒன்றை மடக்கியதும் மீதி எப்போதும் ஒன்பது விரல்தானே. இலக்கங்களின் கூட்டல் எப்போதும் ஒன்பது என்று மேலே சொன்னது இங்கே கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. விரல் விட்டு எண்ணக் கூடாது என்று பிள்ளைகளைக் கண்டிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நாம் பத்துப் பத்தாக எண்ணுவதற்கே கையில் பத்து விரல் இருப்பதுதான் காரணம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. விரலை நம்பித் தொடங்கட்டும், தேவை தீர்ந்ததும் தானாகவே விட்டுவிடுவார்கள்.

விரலிலிருந்து நூறு வரை

இனி வருவது இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மெதுவாகவே போகலாம்.

6, 7, 8, 9 ஆகியவற்றைத் தங்களுக்குள் பெருக்க, பல நாடுகளில் நெடுங்காலமாகப் புழங்கும் விரல் முறை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கையும் ஓர் எண். ஐந்துக்கு மேல் எத்தனையோ அத்தனை விரலை நீட்ட வேண்டும், மற்றவற்றை மடக்க வேண்டும். 7 × 8 என்று வைத்துக்கொள்வோம். ஏழு, ஐந்தைவிட இரண்டு அதிகம். ஆகவே இடது கையில் இரண்டு விரல் நீட்டி, மூன்று மடக்கு. எட்டு, ஐந்தைவிட மூன்று அதிகம். வலது கையில் மூன்று நீட்டி, இரண்டு மடக்கு. நீட்டிய விரல்களைக் கூட்டு: 2 + 3 = 5. அவை ஐந்து பத்துகள், அதாவது 50. மடக்கியவற்றைப் பெருக்கு: 3 × 2 = 6. மொத்தம் 56.

6 × 7 போட்டுப் பாருங்கள். நீட்டியவை 1 + 2 = 3, அதாவது 30. மடக்கியவை 4 × 3 = 12. மொத்தம் 42. சரியாக வருகிறது.

இதை மாயம் என்று சொல்லிக் கைதட்டிவிட்டு விட்டுவிடலாம். ஆனால் மடக்கிய விரல்கள் எதைக் காட்டுகின்றன என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். ஏழுக்கு மூன்று விரல் மடங்கியது. பத்தாவதற்கு ஏழுக்குக் குறைவதும் மூன்று. எட்டுக்கு இரண்டு விரல் மடங்கியது. பத்துக்கு எட்டில் குறைவதும் இரண்டு. மடக்கிய விரல் என்பது பத்துக்கு உள்ள பற்றாக்குறை. நீட்டிய விரல்களின் மொத்தமான 5 என்பது, 7இலிருந்து மற்ற எண்ணின் பற்றாக்குறையான 2ஐக் கழித்தது. 8இலிருந்து 3ஐக் கழித்தாலும் அதே 5.

ஏன் இது சரியாக வருகிறது? பத்து ஏழுகள் 70. நமக்கு எட்டு ஏழுகள் போதும், ஆகவே இரண்டு ஏழுகளைக் கழிக்க வேண்டும். ஏழைக் கழிப்பதற்குப் பதிலாகச் சோம்பலாக இரண்டு பத்துகளைக் கழித்துவிடுகிறோம்: 50. ஒவ்வொரு தடவையும் மூன்றை அதிகமாகக் கழித்துவிட்டோம், இரண்டு தடவை. அந்த 3 × 2 = 6ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டால் 56. அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொண்டவருக்குப் பத்தோடு நிற்க வேண்டிய கட்டாயமே இல்லை. பத்து இருந்த இடத்தில் நூறை வையுங்கள். 97 × 94 எவ்வளவு? பற்றாக்குறை 3, 6. 97இலிருந்து 6ஐக் கழித்தால் 91. அவை 91 நூறுகள், 9,100. பற்றாக்குறைகளின் பெருக்கல் 18. விடை 9,118. விரலால் ஏழெட்டைப் போட்ட அதே கை இதையும் போட்டுவிட்டது! ஒரே ஓர் எச்சரிக்கை: நூறைப் பிடித்துக்கொள்ளும்போது பின்பகுதிக்கு இரண்டு இலக்கம் வேண்டும். 98 × 97 என்றால் 95, அப்புறம் 2 × 3 = 6. விடை 956 ஆகாது, 9,506.

எண்கள் நூறுக்கு மேலே இருந்தால் பற்றாக்குறைக்குப் பதில் உபரி. 104 × 107: உபரி 4, 7. 104 + 7 = 111. 4 × 7 = 28. விடை 11,128. ஒன்று மேலே, ஒன்று கீழே இருந்தால் கடைசியில் கூட்டுவதற்குப் பதிலாகக் கழிக்க வேண்டும். 98 × 103: 98 + 3 = 101, அதாவது 10,100. அதிலிருந்து 2 × 3 = 6ஐக் கழித்தால் 10,094.

மறுபடியும் பத்துக்கே வருவோம், இந்த முறை மேல் பக்கமாக. 13 × 14 எவ்வளவு? உபரி 3, 4. 13 + 4 = 17, அதாவது 170. 3 × 4 = 12. விடை 182. 17 × 18 என்றால் 17 + 8 = 25, அதாவது 250. அதோடு ஏழெட்டு 56. விடை 306. 11 முதல் 19 வரை எல்லாப் பெருக்கலும் இந்த ஒரே வழியில் வந்துவிடும். பத்தொன்பதாம் வாய்ப்பாடு வரை மனப்பாடம் செய்யச் சொல்லிப் பிள்ளைகளை வருத்துவதைவிட இதைக் கற்றுக்கொடுப்பது மேல் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் பாருங்கள், 17 × 18 போடுவதற்கு ஏழெட்டு உடனே வர வேண்டியிருக்கிறது. உத்தி தெரிந்தால் வாய்ப்பாடே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த ஆறு விடைகள் உடனே வந்தாக வேண்டும்.

தலைக்குள் எவ்வளவு பிடிக்கும்?

1980 ஜூன் 18 அன்று லண்டன் இம்பீரியல் கல்லூரியில், 13 இலக்க எண்கள் இரண்டை 28 நொடிகளில் மனதிலேயே பெருக்கிக் காட்டினார் சகுந்தலா தேவி. அப்படிப்பட்ட ஆற்றலை நினைத்துப் பிரமிக்கலாம். நம்மைப் போன்றவர்களின் நிலைமை வேறு. அப்போதைக்கு மனதில் வைத்துக்கொள்ளும் நினைவுக்கு இடம் மிகக் குறைவு. 1956இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் அதை ஏழு உருப்படிகள் அளவுக்கு மதிப்பிட்டார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் சுமார் நான்கு என்றே குறைத்துவிட்டார்கள். ஆகவே மனக்கணக்கில் சூட்சுமம், ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதைக் குறைப்பதில் இருக்கிறது.

தாளில் கூட்டும்போது வலப்பக்கமிருந்து தொடங்குகிறோம். 7 + 8 = 15, ஐந்தை எழுது, ஒன்றை மீதியாக மேலே வை. தாளில் அது நல்ல முறை. ஆனால் மனதில் செய்யும்போது விடையின் கடைசி இலக்கத்தை முதலில் கண்டுபிடித்து, அதைப் பிடித்து வைத்துக்கொண்டே முன்பகுதிக்குப் போய், பிறகு திருப்பிப் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் எண்ணைச் சொல்லும் விதமோ நேரெதிர்: நாற்பத்தேழு என்று பெரிய இடத்தைத்தான் முதலில் சொல்கிறோம். ஆகவே மனதில் இடப்பக்கத்திலிருந்து கூட்டுங்கள். 47 + 38: நாற்பதும் முப்பதும் எழுபது, ஏழும் எட்டும் பதினைந்து, எண்பத்தைந்து. மனதில் நிற்க வேண்டியது எழுபது என்ற ஒரே எண்தான். இன்னும் எளிதாக வேண்டுமானால் 38ஐ 40 ஆக்கிக் கூட்டிவிட்டு (87) இரண்டைக் கழிக்கலாம், 85. மறுபடியும் அதே எண்ணம், பக்கத்தில் இருக்கும் வசதியான எண்ணைப் பிடி, வித்தியாசத்தைச் சரிசெய்.

கழித்தலில் கடன் வாங்குவது தாளிலேயே பலருக்குக் குழப்பம் தரும். மனதில் அதைச் செய்யவே வேண்டாம். 83 − 47 என்றால் 47க்கும் 83க்கும் இடையே உள்ள தூரம் என்று பாருங்கள். 47இலிருந்து 50க்கு 3, அங்கிருந்து 83க்கு 33, ஆக 36. அல்லது இரண்டையும் மூன்று மூன்றாக நகர்த்திவிடுங்கள்: 86 − 50. தூரம் மாறவில்லை, கணக்கு மட்டும் எளிதாகிவிட்டது. 1000இலிருந்து மூன்று இலக்க எண்ணைக் கழிக்க, கடைசி இலக்கத்தைப் பத்திலிருந்தும் மற்றவற்றை ஒன்பதிலிருந்தும் கழியுங்கள்: 1000 − 378 என்றால் 6, 2, 2, அதாவது 622. கடைசி இலக்கம் பூஜ்யமாக இருந்தால் அந்தப் பூஜ்யத்தை அப்படியே விட்டுவிட்டு அதற்கு முந்தையதைப் பத்திலிருந்து கழிக்க வேண்டும்.

பெருக்கலும் இப்படியே. 23 × 14 என்றால் இருபது பதினான்குகள் 280, மூன்று பதினான்குகள் 42, ஆக 322. பெரிய துண்டு முதலில்.

பாதியும் இரட்டிப்பும்

ஓர் எண்ணை இரட்டிப்பதும் பாதியாக்குவதும் யாருக்கும் சிரமமில்லாத வேலை. பழங்கால எகிப்தியர்கள் பெருக்கலையே அதை வைத்துத்தான் செய்தார்கள். கி.மு. 1550 வாக்கில் ஆமஸ் என்ற எழுத்தர் படியெடுத்த ரைண்ட் பாப்பிரஸ் சுவடியில் அந்த முறையைக் காணலாம். அந்தச் சுவடி இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 13 × 24 வேண்டுமென்றால் 24ஐ இரட்டித்துக்கொண்டே போக வேண்டும்: ஒரு மடங்கு 24, இரண்டு மடங்கு 48, நான்கு மடங்கு 96, எட்டு மடங்கு 192. பதின்மூன்று என்பது 8 + 4 + 1. ஆகவே 192 + 96 + 24 = 312. இரட்டிக்கவும் கூட்டவும் மட்டும் தெரிந்தால் எவ்வளவு பெரிய பெருக்கலையும் இந்த வழியில் செய்துவிடலாம்.

நமக்கு இதைவிடக் குறுக்கு வழி ஒன்றும் உண்டு. ஒரு பக்கத்தைப் பாதியாக்கினால் மறு பக்கத்தை இரட்டித்துவிடலாம், பெருக்கல் விடை மாறாது. 16 × 35 பார்க்கக் கடினம். 8 × 70 என்று மாற்றினால் 560. 14 × 45 என்பது 7 × 90, அதாவது 630. ஐந்தில் முடியும் எண்ணும் இரட்டை எண்ணும் ஒன்றாக வந்தால் முதலில் இதைத்தான் முயல வேண்டும்.

25ஆல் பெருக்க, நூறால் பெருக்கி நான்கால் வகுங்கள்: 36 × 25 என்பது 36இல் கால் பங்கான 9 நூறுகள், 900. 5ஆல் வகுக்க வேண்டுமா? இரட்டித்துப் பத்தால் வகுங்கள்: 435 ÷ 5 என்பது 870 ÷ 10, அதாவது 87. நான்கால் வகுப்பது இரண்டு தடவை பாதியாக்குவது. 15ஆல் பெருக்குவது, பத்தால் பெருக்கி அதில் பாதியைச் சேர்ப்பது: 18 × 15 = 180 + 90 = 270.

11ஆல் பெருக்கும் வழி பலருக்கும் தெரிந்திருக்கும். 34 × 11 என்றால் 3க்கும் 4க்கும் நடுவில் அவற்றின் கூட்டலான 7ஐ வை: 374. கூட்டல் பத்தோ அதற்கு மேலோ வந்தால் ஒன்றை இடப்பக்கம் சேர்க்க வேண்டும். 78 × 11: 7 + 8 = 15, நடுவில் 5, முன்னால் 7 + 1 = 8. விடை 858. பலர் இந்த இரண்டாவது பகுதியைச் சொல்லாமலே கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். 7158 என்று எழுதிவிட்டு முழிக்கும் பிள்ளையிடம் தவறே இல்லை.

சதவீதத்துக்கு ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன், அதை அறிந்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது. 50இல் 18 சதவீதமும் 18இல் 50 சதவீதமும் ஒன்றே. முதலாவது தலையைச் சொறிய வைக்கும். இரண்டாவது 9 என்று எவரும் சொல்வார்கள். 25இல் 16 சதவீதம் கேட்டால் 16இல் கால் பங்கு, 4.

வர்க்கங்கள்

ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வர்க்கம். ஐந்தில் முடியும் எண்ணின் வர்க்கம் மிக எளிது. 35ஐ எடுத்துக்கொள்வோம். முன்னால் இருக்கும் 3ஐ அடுத்த எண்ணான 4ஆல் பெருக்கு: 12. பின்னால் 25ஐ ஒட்டு: 1,225. 65 என்றால் 6 × 7 = 42, விடை 4,225. 35 × 35 என்ற சதுரத்தில் ஒரு பக்கத்திலிருந்து ஐந்தை எடுத்து மறு பக்கத்தில் சேர்த்தால் 30 × 40. அப்படி நகர்த்தும்போது மூலையில் 5 × 5 அளவுள்ள ஒரு சின்னச் சதுரம் தனியாக நின்றுவிடும். தாளில் வரைந்து கத்தரித்துப் பாருங்கள், ஒரு தடவை பார்த்தால் மறக்காது.

இதையே ஐந்தில் முடியாத எண்ணுக்கும் செய்யலாம். 37 × 37: மூன்றைக் கூட்டி 40, மூன்றைக் கழித்து 34. 34 × 40 = 1,360. தனியாக நிற்கும் சதுரம் 3 × 3 = 9. விடை 1,369. திருப்பிப் போட்டால் இன்னொரு வழி: 48 × 52 என்பது 50இன் இரு பக்கமும் இரண்டு இரண்டு தள்ளி இருக்கும் எண்கள். 2,500இலிருந்து 2 × 2ஐக் கழித்தால் 2,496. 7 × 9 = 63 என்பதும் இதே வகைதான்; 8 × 8 = 64, அதில் ஒன்று குறைவு.

விடையைச் சோதிப்பது

வேகமாகப் போட்ட கணக்கில் பிழை வரலாம். 47 × 38ஐ 47 × 40 − 94 என்று போட்டு 1,786 என்று கண்டுபிடித்திருக்கிறோம் என்று வைப்போம். ஒவ்வோர் எண்ணிலும் இலக்கங்களைக் கூட்டி ஒற்றை இலக்கமாக்குங்கள். 4 + 7 = 11, அது 2. 3 + 8 = 11, அதுவும் 2. இவற்றின் பெருக்கல் 4. விடையில் 1 + 7 + 8 + 6 = 22, அது 4. இரண்டும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாவிட்டால் விடை நிச்சயமாகத் தவறு. ஒத்துப்போனால் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம், அவ்வளவே. 1,768 என்று இலக்கம் இடம் மாறி எழுதியிருந்தால் இந்தச் சோதனை பிடிக்காது. அதற்குக் கடைசி இலக்கத்தையும் பாருங்கள்: 7 × 8 = 56, ஆகவே விடை 6இல்தான் முடிய வேண்டும். தோராயமாக 50 × 40 = 2,000; 1,786 அதற்குச் சற்றுக் கீழே, பொருத்தமான அளவு.

எப்படிப் பழகுவது?

இத்தனையையும் ஒரே நாளில் படித்தால் ஒன்றும் தங்காது. படித்தது எவ்வளவு சீக்கிரம் மறந்துபோகிறது என்பதைத் தன்னையே சோதித்து அளந்து 1885இல் வெளியிட்டவர் ஹெர்மன் எபிங்ஹாஸ். ஒரே மூச்சில் படிப்பதைவிட, இடைவெளி விட்டுப் பல நாள் படிப்பது நன்றாக நிற்கும் என்பதையும் அவருடைய சோதனைகள் காட்டின. வாய்ப்பாட்டுக்கு அது அப்படியே பொருந்தும். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும். வரிசையைக் குலைத்துக் கேளுங்கள். ஆறெட்டு, மூவேழு, ஏழேழு என்று தாவித் தாவி. விடை வராவிட்டால் உடனே சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். பக்கத்தில் தெரிந்த விடை எது என்று கேளுங்கள். ஆறேழு வராத பிள்ளைக்கு ஆறாறு முப்பத்தாறு தெரிந்திருக்கும். இன்னும் ஓர் ஆறைக் கூட்டினால் 42. அப்படி இரண்டு மூன்று தடவை தானே நடந்து போய்ச் சேர்ந்த விடை, பிறகு நடக்காமலே வரத் தொடங்கும்.

கடிகாரத்தை வைத்து நொடி எண்ணுவதைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுவது நல்லது. பதற்றம் வந்தால், ஏற்கெனவே குறுகலாக இருக்கும் அந்த நினைவின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். பிள்ளைக்குத் தெரிந்த விடைகூட வராமல் போகும். வேகம் பழக்கத்தில் தானாக வரும்.

ஓரளவு கை வந்த பிறகு வேறொரு விளையாட்டுக்குப் போகலாம்: ஒரே கணக்கை எத்தனை வழியில் போடலாம்? 24 × 35ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பாதி, இரட்டிப்பு என்றால் 12 × 70 = 840. துண்டாக்கினால் 20 × 35 = 700, 4 × 35 = 140, கூட்டினால் 840. இருபத்தைந்தைப் பிடித்தால் 25 × 35 = 875, அதில் ஒரு 35ஐக் கழித்தால் 840. எகிப்தியர் வழியில் எட்டு மடங்கு 280, பதினாறு மடங்கு 560, சேர்த்தால் 840. இன்னும் இரண்டு வழியாவது இருக்கிறது. அவற்றை உங்களுக்கு விட்டுவிடுகிறேன்.